கதவிடுக்கில் ஒட்டும் பட்டைக்குத் தமிழில் என்ன?

ஊட்டி, மொழிபெயர்ப்பவர்:
எல்லோருக்கும் வணக்கம். பனிக்காலத்துக்கு வீட்டை எப்படித் தயார்செய்வது என்று ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன். புதன்கிழமை அச்சுக்குப் போகணும். கணப்பு, புகைபோக்கி போன்ற சொற்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஜன்னல், கதவு விளிம்பில் ஒட்டுகிற ரப்பர் பட்டையில்தான் மாட்டிக்கொண்டேன், வெதர் ஸ்ட்ரிப். மழையில் ஊதிய மரச்சட்டம் தை மாத வறட்சியில் சுருங்கிச் சந்து விடுகிறது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற காலையில், அந்தச் சந்தில் வருகிற காற்று எலும்பைத் துளைக்கும். ஆசாரி ‘பீடிங்’ என்கிறார். முதலில் ‘காற்றடைப்பு’ என்று போட்டு, அப்புறம் ‘குளிர்காப்பு’ என்று மாற்றினேன். சரிதானா?

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குழப்பும் அம்மா. குளிரைக் காப்பதா, குளிரிலிருந்து காப்பதா? முன்னது இரண்டாம் வேற்றுமைத்தொகை, பின்னது ஐந்தாம் வேற்றுமைத்தொகை. ஐஸ்பெட்டிக்கும் அதே பெயர் பொருந்துமே! சங்கப் பாட்டான நெடுநல்வாடையில், கூதிர் என்ற குளிர்காலத்தில், மாளிகைச் சாளரம் ‘போர்வாய்க் கதவம்’ தாழிட்டுக் கிடக்கிறது. இரு பலகையும் ஒன்றோடொன்று பொருந்துகிற கதவு. எனவே ‘போர்வாய்ப்பட்டை’. பொரு, பொருந்து, பொருத்து, போர் எல்லாம் ஒரே வேர். வைக்கோற்போரும் போர்வையும்கூட அதில்தான் சேரும் என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

குன்னூர், தேயிலைத் தோட்டக் கணக்கர்:
அய்யா, போர்வாய் என்றால் சண்டைக்காரியின் வாய் என்றுதான் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், நினைப்பார்கள். ‘வாடைத்தடுப்பு’ எளிது. வடக்கிலிருந்து வருவதுதானே வாடை? நீலகிரிப் பழங்குடியான தோடர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவர்களுடைய பழைய வீட்டு வாசலில் தவழ்ந்துதான் நுழையணும்.

கூடலூர், பள்ளி ஆசிரியை:
என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாடை என்றால் நாற்றம். வாடைத்தடுப்பு என்றால் கழிவறையில் போடுகிற உருண்டை என்பார்கள்.

கொடைக்கானல்:
எங்கள் பக்கம் குளிரைக் ‘கூதல்’ என்போம். கூதிரோடு உறவுள்ள சொல்தான். ‘கூதல்தடை’ வைக்கலாமே?

கோவை, தமிழாசிரியர்:
அருமை! குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் தொல்காப்பியரே வகுத்த பொழுது. ஆனால் இப்போது வருவது முன்பனி, கூதிர் கார்த்திகையோடு முடிந்தது.

கொடைக்கானல்:
அய்யா, கூதல் காலண்டர் பார்த்து அடிப்பதில்லை.

கோத்தகிரி, கட்டடப் பொறியாளர்:
எந்தச் சொல்லையாவது வையுங்கள், பழைய ‘காற்றடைப்பு’ மட்டும் தப்பித்தவறித் திரும்பி வந்துவிடக் கூடாது. அதைப் படித்தவர் மேலே இருக்கிற காற்றுத் துளையையும் சேர்த்து அடைப்பார். அப்புறம் இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அள்ளி அறைக்குள் வைத்துத் தூங்குவார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இப்படிப் போன உயிர்கள் இந்த மலைகளில் உண்டு. அடைக்க வேண்டியது கதவு இடுக்கை மட்டும். அதனால் இடுக்கு என்ற சொல் பெயரிலேயே இருக்கணும்: ‘இடுக்குப்பட்டை’. அய்யா சொன்ன நெடுநல்வாடையில் கதவைத் தாழிட்ட கையோடு ‘பகுவாய்த் தடவில்’, அதாவது அகன்ற வாயுள்ள நெருப்புச் சட்டியில், நெருப்பும் மூட்டுகிறார்கள். மாளிகை பெரிது, தாங்கியது. நம்முடையது பத்துக்குப் பத்து.

கோவை, தமிழாசிரியர்:
‘தடவு’ என்ற சொல்லை நினைவுபடுத்தினீர்களே! தடவு, தடா, தடம்...

ஊட்டி, மொழிபெயர்ப்பவர்:
அய்யா, நாளைக்குப் புதன். இடுக்குப்பட்டையையே வைக்கிறேன். அடைப்புக்குறிக்குள் பீடிங் என்றும் போடுகிறேன், கடையில் கேட்டு வாங்கணுமே. கரி நெருப்பு எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

கொடைக்கானல்:
எனக்கு உடன்பாடில்லை. பட்டை என்றாலே பிரியாணி ஞாபகம்தான் வருகிறது.

கோவை, தமிழாசிரியர் (வெள்ளிக்கிழமை):
அச்சான பிரதி கிடைத்தது. ‘இடுக்கு பட்டை’ என்று இருக்கிறது. இடுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம் அம்மா, வலி மிகும். ‘ப்’ எங்கே?