சர் பாட்ரிக் ஸ்பென்ஸ் பாடலின் மூலம்: உதவி தேவை

ஸ்காட்லாந்தின் பழைய கடற்பாடலான 'சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்' எந்த நிகழ்விலிருந்து பிறந்தது என்று எங்கள் வாசகர் வட்டத்துக்காக எழுதத் தொடங்கி, பாதியில் நிற்கிறேன்.

பாடலில், ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் மது அருந்தியபடி மன்னர், கடலுக்குப் போகும்படி மாலுமி ஸ்பென்ஸுக்கு ஆணையிடுகிறார். பருவம் தவறிய நேரத்தில் கப்பல் கிளம்பி மூழ்குகிறது. காலணி நனையக் கூசிய பிரபுக்களின் தொப்பிகள் கடைசியில் தண்ணீரில் மிதக்கின்றன. ஆணையிட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முரண் என்னை விடவே இல்லை.

1765-இல் பழம்பாடல்களைத் தொகுத்த தாமஸ் பெர்சி அச்சிட்ட வடிவத்தில் பயணத்தின் காரணமே கிடையாது. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பின்னர் வெளியிட்டதில், நார்வே மன்னரின் மகளை அழைத்துவரப் போகிறார்கள். பிரான்சிஸ் சைல்டின் கதைப்பாடல் தொகுப்பில் 58-ஆம் எண்ணின் கீழ் உள்ள வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. வரலாற்றில் பொருந்தக்கூடியவை இரண்டு. 1281-இல் ஸ்காட்லாந்து இளவரசி மார்கரெட்டை நார்வே மன்னருக்கு மணமுடித்துக் கொடுக்கப் போனவர்களில் பலர் திரும்பும் வழியில் மூழ்கினார்கள். 1290-இல் அவருடைய சிறுவயது மகள் ஸ்காட்லாந்து வரும் வழியில், ஆர்க்னித் தீவுகளில் இறந்தாள். முதலாவதுதான் நெருக்கம் என்பது என் எண்ணம். ஆனால் ஸ்பென்ஸ் என்ற பெயர் நான் பார்த்த எந்த வரலாற்றுக் குறிப்பிலும் இல்லை.

1765-க்கு முந்தைய கையெழுத்துப் படியிலோ ஆவணத்திலோ இந்த மாலுமியின் பெயரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?