பேஸ் கிட்டார் இல்லாமல் ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தின் கனம் வருவது எப்படி?

இருவர்_செட்:
ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இருவர் ராக் குழுவின் ‘எலிஃபன்ட்’ ஆல்பம் (2003) போல ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ் மட்டும் வைத்து நாலு பாட்டு பதிவு செய்யணும். கையில் இருப்பது வாம்மி 4 பெடல் (காலால் அழுத்தி கிட்டார் சுருதியை ஏற்றி இறக்குவது), 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப், 8 சானல் இன்டர்ஃபேஸ் (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி), 4 மைக். அந்த ஆல்பத்தின் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை (ரிஃப்) ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கினால் சுருதி நடுங்குகிறது, சத்தமும் ஒல்லியாக வருகிறது. டிரம்ஸில் எல்லா மைக்கையும் சேர்த்தால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காணாமல் போகிறது. எங்கே தப்பு?

சுருதிக்கட்டை:
நடுக்கம் பெடலின் கோளாறு இல்லை. வாம்மி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் சரியாகப் பிடிக்கும். பக்கத்துக் கம்பி லேசாக அதிர்ந்தாலும் குழம்பிவிடும். A கம்பியில் 7, 7, 10, 7, 5, 3, 2 என்ற ஃப்ரெட்களில் வாசியுங்கள். மற்றக் கம்பிகளை இடது கை விரல்களால் தொட்டு அடக்குங்கள். நெக் பிக்கப், டோன் குமிழ் பாதிக்குக் கீழே. ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) வேண்டுமானால் வாம்மிக்குப் பிறகுதான். முன்னால் வைத்தால் பெடலுக்குள் போவதே கலங்கிய சிக்னல். வாம்மியின் கால்விரல் பக்கம் முழுக்க அழுத்தியிருக்கணும். கொஞ்சம் விட்டாலும் சுருதி மேலே ஏறும். வாம்மி 4க்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் வேண்டும். டிசி பவர் சப்ளையில் மாட்டாதீர்கள்.

ஒல்லிச் சத்தத்துக்குக் காரணம் வேறு. 7ஆம் ஃப்ரெட் E, 165 ஹெர்ட்ஸ். ஆக்டேவ் இறக்கினால் 82; கடைசி B சுமார் 62 ஹெர்ட்ஸ். பின்பக்கம் திறந்த கிட்டார் கேபினெட்டில் அந்த அடிப்பகுதி பெரும்பாலும் வெளியே வராது. வாம்மியிலிருந்து சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆம்புக்கும் மற்றதை டி.ஐ. பாக்ஸ் (மைக் இல்லாமல் கிட்டார் சிக்னலைப் பதிவுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக நேராக இன்டர்ஃபேஸுக்கும் அனுப்புங்கள். மைக் டிராக் சற்றுப் பிந்தி வரும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி நகர்த்திச் சேருங்கள்.

மூணு_மைக்:
கிக் காணாமல் போவது ஃபேஸ் சிக்கல்: ஒரே சத்தம் மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கிறது. கிக்கிலிருந்து கிக் மைக் 20 செ.மீ.யிலும் ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்) 110 செ.மீ.யிலும் இருந்தால் இடைவெளி 90 செ.மீ., அதாவது சுமார் 2.6 மில்லிசெகண்ட். முதலில் ஓவர்ஹெட்டை மட்டும் கேளுங்கள். கிட் முழுசாக, சமநிலையாக அதிலேயே கேட்கணும். இல்லையென்றால் மைக்கை நகர்த்துங்கள், ஈக்யூவைத் தொடாதீர்கள். பிறகு கிக் மைக்கைச் சேர்த்து போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றி அழுத்துங்கள். எந்த நிலையில் வயிற்றில் இடிக்கிறதோ அதுதான் சரி. ஸ்னேர் மைக்கையும் அப்படியே. மூன்று மைக் தாராளம். எல்லாம் மோனோவில் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இருவர்_செட்:
நன்றி. 1963க்குப் பிந்தைய கருவி எதுவும் அந்த ஆல்பத்தில் இல்லையாமே? அப்போ கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் அந்தச் சத்தம் வராதா?

சுருதிக்கட்டை:
அந்தக் கதையை அப்படியே நம்ப வேண்டாம். வாம்மியே 1989இல்தான் வந்தது. பெரும்பகுதி பதிவானது லண்டன் ஹாக்னியில் லியாம் வாட்சனின் டோ ராக் ஸ்டுடியோவில், 8 டிராக் டேப்பில். எழுதியது முதல் மாஸ்டரிங் வரை கம்ப்யூட்டர் தொடவில்லை என்று ஆல்பத்திலேயே போட்டிருக்கிறார்கள். அது உண்மையான கட்டுப்பாடு. அதன் பலன் டேப்பின் நிறத்தைவிட, ஒவ்வொரு டிராக்கிலும் என்ன போவது என்று முன்கூட்டியே தீர்மானித்ததில்தான் பெரிதாகக் கேட்கிறது.

அதை உங்கள் இன்டர்ஃபேஸிலும் செய்யலாம். டிரம்ஸுக்கு 3, கிட்டார் டி.ஐ. 1, ஆம்ப் 1, ஃபஸ் அல்லது ஸ்லைடு 1, குரல் 2. ஒன்பதாவது டிராக் திறக்காதீர்கள். இன்புட் சராசரி மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும். கிளிக் டிராக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) வேண்டாம். இருவரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாசியுங்கள். கிட்டார் டிரம்ஸ் மைக்குகளுக்குள் கசியும், அதனால் தப்பு வந்தால் ஒட்டு போட முடியாது. முழு டேக்கையும் திரும்ப எடுக்கணும்.

மூணு_மைக்:
கசிவு அதிகமானால் ஆம்பைத் திருப்பி, அதன் பின்பக்கம் ஓவர்ஹெட்டைப் பார்க்காதபடி வையுங்கள். நடுவில் ஒரு மெத்தையை நிறுத்தினாலே ஃபஸ்ஸின் இரைச்சல் நன்றாகக் குறையும். அடித்தொனி மெத்தைக்கு அடங்காது. அதற்குத்தான் டி.ஐ.; ரிஃப் வரும் இடத்தில் ஆம்ப் ஒலியைக் குறைத்தே வைக்கலாம்.