எலுமிச்சை மணம் வீசும் இந்தச் செடி எது? அறிந்தவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புற வேலியோரம் புதினாவைப் போன்ற ஒரு செடி புதராக மண்டியிருக்கிறது. தண்டு நான்கு பட்டையாக இருக்கிறது. இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலின் மணம் வருகிறது.

அண்டை வீட்டார் இதனை 'பீ பாம்' என்கிறார். நாற்றுப் பண்ணையில் 'லெமன் பாம்' என்றார்கள். லெமன் பாம் என்பது மெலிசா அஃபிசினாலிஸ் எனப்படும் மத்தியதரைக் கடற்பகுதிச் செடி. மெலிசா என்ற கிரேக்கச் சொல்லுக்கே தேனீ என்றுதான் பொருள் என்பதால், 'பீ பாம்' என்னும் பெயர் சில இடங்களில் இதற்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்பெயர் பெரும்பாலும் வட அமெரிக்க மொனார்டா இனங்களையே குறிக்கிறது. அவற்றுள் மொனார்டா சிட்ரியோடோராவும் எலுமிச்சை மணம் உடையது. அது அடுக்கடுக்காக இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் பூக்கும். மெலிசாவின் பூவோ சிறியது, வெண்மையானது. எங்கள் செடி இன்னும் பூக்கவில்லை. மொனார்டா சிட்ரியோடோரா பெரும்பாலும் ஓராண்டுச் செடி; இதுவோ ஆண்டுதோறும் வசந்தத்தில் தானாகவே தளிர்க்கும் என்று வீட்டு உரிமையாளர் சொல்வதால், மெலிசாவாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

இலையை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய வழி உண்டா? காய வைத்தால் மணம் பெரிதும் போய்விடுகிறதே, குளிர்காலத்துக்கு எவ்வாறு சேமிக்கிறீர்கள்? ரசத்தை இறக்கும்போது இரண்டு இலை போட்டுப் பார்க்க ஆசைதான். செடி உறுதியாகும்வரை துணியவில்லை. தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் என் தாயாருக்கு இதன் தேநீரைத் தரலாமா என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வேன்.