மலை தெரிஞ்சா முகம் இருட்டுது, கொஞ்சம் கறாரா பாத்துச் சொல்லுங்க

பொள்ளாச்சிங்க. கேமரா கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். போன ஆடில இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா கோவிந்தாபுரம் தாண்டி கேரளாவுல இருக்கற கொல்லங்கோடு வயக்காட்டுக்குப் போயிட்டிருக்கேன், நெல்லியாம்பதி மலை, பனைமரம், நாத்து நடுற அக்காங்க எல்லாம் ஒரே ஃப்ரேம்ல வரணும்னு ரொம்ப ஆசை. ஆனா முகத்துக்கு வெளிச்சம் வெச்சா மலைமேல மேகம் வெள்ளைத் தாளாட்டம் ஆயிடுது, மேகத்தைப் பிடிச்சா தலைல கட்டுன துண்டுக்குக் கீழ முகமே இல்லை.

எக்ஸ்போஷர் மைனஸ் 1 (படத்தை ஒரு படி இருட்டாக்கறது) வெச்சாச்சு, பார்ஷியல் மீட்டரிங் (நடுவுல இருக்கற சின்ன இடத்தோட வெளிச்சத்தை மட்டும் அளக்கறது) பாத்தாச்சு, கேமரால இருக்கற ஃபிளாஷ் அவ்ளோ தூரம் எட்டலை, ரா ஃபைல் (கேமரா சுருக்காம வெக்கற மூலப் படம்) எடுத்து அப்புறமா எடிட்ல நிழலை வெளிச்சமாக்குனா கன்னமெல்லாம் புள்ளி புள்ளியா நாய்ஸ் வருது. வெயில் ஏறுனதுக்கப்புறம் எடுத்தா இன்னும் மோசம்.

வீட்லயும் ஃப்ரெண்ட்ஸும் பாத்த உடனே சூப்பர்ங்கறாங்க, பாசம்தான், ஆனா அதுல கத்துக்க ஒண்ணும் இல்லைங்க. எடிட் பண்ணாத படங்களைக் கீழ போட்டிருக்கேன், மனசு நோகும்னு பாக்காம சொல்லுங்க.

புது லென்ஸ் வாங்காம, அடுத்த ஞாயிறு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பழகறதுன்னா எதைப் பழகட்டும்?