பிலாத்து 'தேசாதிபதி', செர்கியு பவுல் வெறும் 'அதிபதி': ஏன்?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் பைபிளில் அப்போஸ்தலர் 13: சீப்புரு தீவு, பாப்போ பட்டணம், அங்கே ஆண்ட செர்கியு பவுல். பாதியில் ஒரு பையன் எழுந்து, "அக்கா, பிலாத்து தேசாதிபதி. இவரு மட்டும் ஏன் வெறும் அதிபதி? சின்ன ஆபீசரா?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்றேன்னு வந்துட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கம்மா. சின்ன ஆபீசர் இல்லை, பிலாத்தைவிடப் பெரியவர். சீப்புரு என்பது சைப்ரஸ்தான். அதை கி.மு. 22-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், ரோமின் ஆட்சிச் சபையான செனட்டின் பொறுப்பில் விட்டார். அதற்குப் பிறகு அங்கே ஆளப் போனவர் செனட்டர். சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், ஒரு வருஷம்தான் பதவி. 'புரோகான்சல்' என்று பெயர். தீவில் லீஜியன் என்ற ரோமப் பெரும்படை கிடையாது. யூதேயாவை ஆண்ட, இயேசுவை விசாரித்த பிலாத்து செனட்டரே இல்லை. பேரரசர் நேரடியாக நியமித்த பிரிஃபெக்ட். பேரரசர் விரும்பும்வரை இருக்கலாம். 1961-இல் யூதேயாவின் செசரியா நகரில் கிடைத்த பிலாத்துவின் கல்வெட்டில் அந்தப் பதவிப் பெயரே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் இரண்டு பேருக்கும் வேறு வேறு சொல். கிரீஸில் இருந்த அகாயா மாகாணத்தின் கல்லியோனையும் தமிழில் 'அதிபதி' என்றே போட்டிருக்கிறார்கள், பாருங்கள். அவரும் புரோகான்சல்தான்.

இன்னொருவர்:
ஒரு வருஷம்தான்னா, கிடைச்சவரை சுருட்டிக்கிட்டுப் போயிருப்பாங்களே சார்?

பதில் (அதே ஆசிரியர்):
செனட் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே அந்தத் தீவு பட்டபாடு எனக்கு மறக்கவே மறக்காது தம்பி. கி.மு. 58-இல் ரோம் சைப்ரஸைப் பிடுங்கி, பிறகு எதிர்க்கரையில், இன்றைய துருக்கியில் இருந்த சிலிசியா மாகாணத்தோடு சேர்த்துவிட்டது. தீவில் இருந்த சாலமி ஊரார் ரோமில் கடன் வாங்கினார்கள். வட்டி வருஷத்துக்கு 48 சதவீதம். வசூலிக்கப் போன ஸ்காப்டியஸ் என்பவனுக்கு ஆளுநர் அப்பியஸ் குதிரைவீரர்களைக் கொடுத்தார். அவன் ஊர்ச் சபை மண்டபத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. ஐந்து பேர் பட்டினியாலேயே செத்தார்கள்.

கி.மு. 51-இல் அடுத்த ஆளுநராக ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோ வந்தார். வந்ததும் குதிரைவீரர்களைத் தீவைவிட்டு அனுப்பினார். வட்டி 12 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார். அந்தக் கணக்கில் கடன் 106 டாலண்ட் (அந்தக் காலப் பெரிய பண அளவு). ஸ்காப்டியஸ் கேட்டது 200. ஊரார் பணத்தைக் கோயிலில் கட்டிவிடுகிறோம், வட்டியாவது நிற்கட்டும் என்றார்கள். சிசரோ அதைத் தடுத்து, தீர்ப்பும் சொல்லாமல் விட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, கடன் கொடுத்த பணம் சிசரோவுடைய நண்பர் புரூட்டஸுடையது. அப்பியஸ் அந்த புரூட்டஸின் மாமனார்! சிசரோவை நான் நேசித்துப் படித்தவன். இந்த இடத்தில் மட்டும் அவரை மன்னிக்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ஐயா. அப்போஸ்தலர் பவுலும் பர்னபாவும் தீவில் முதலில் பிரசங்கித்தது இந்த சாலமியில்தானே! ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. அடுத்த ஞாயிறு பையனுக்குப் பதில் சொல்லிவிட்டு, இந்தப் பூட்டிய மண்டபத்தின் கதையையும் சொல்லப் போகிறேன்.