டாக்கரில் ஓப்பன்எல்டாப்: பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் எரர் 49

நிரல்பித்தன்:
வணக்கம். நாங்கள் எழுதும் வெப் ஆப்பில் லாகின் எல்டாப் (யூசர், பாஸ்வேர்ட், குரூப் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) வழியாகப் போக வேண்டும். ஆபீஸ் டைரக்டரியைச் சோதனைக்குத் தொட விடமாட்டார்கள், அதனால் என் லேப்டாப்பிலேயே டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓப்பன்எல்டாப் என்ற எல்டாப் சர்வரைப் போட்டேன், நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கம்போஸ் ஃபைலில் (கண்டெய்னர்களின் அமைப்பை எழுதி வைக்கும் ஃபைல்) டொமைனையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, கண்டெய்னரை அழித்துவிட்டுத் திரும்ப எழுப்பினேன். அதிலிருந்து பைண்ட் (எல்டாப் சர்வரில் லாகின்) செய்தாலே எரர் 49, இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ். பாஸ்வேர்டை ஃபைலிலிருந்து அப்படியே காப்பி செய்துதான் போடுகிறேன். அதே ஆப்பைக் கண்டெய்னருக்குள் வைத்து ஓட்டினால் 49 கூட வருவதில்லை, கனெக்‌ஷனே கிடைக்கவில்லை. லோக்கல்ஹோஸ்ட், 389 என்றுதான் கொடுத்திருக்கிறேன். எங்கே பார்ப்பது?

கட்டளைவரி:
இரண்டும் வேறு வேறு பிரச்சினை. கனெக்‌ஷன் விஷயம் சின்னது: கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னரேதான், எல்டாப் அங்கே இல்லை. கம்போஸில் எல்டாப் சர்வீஸுக்கு வைத்த பெயரை ஹோஸ்ட்டாகக் கொடுங்கள். போர்ட்டும் இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) உள்ளே கேட்கும் போர்ட்டாக இருக்க வேண்டும், வெளியே மேப் செய்த நம்பர் இங்கே உதவாது.

49க்கு, ஆப்பை ஓரம் வைத்துவிட்டு எல்டாப்செர்ச் கட்டளையில் நேராக பைண்ட் செய்து பாருங்கள். ஒன்று கவனிக்கணும், பாஸ்வேர்ட் தப்பானாலும் 49தான், அந்த டிஎன்னே (டைரக்டரியில் ஒரு பதிவின் முழுப்பெயர், டொமைனும் அதில் அடங்கும்) சர்வரில் இல்லை என்றாலும் 49தான். எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று வெளியாள் துழாவக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் டொமைனையும் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் பாஸ்வேர்டை மட்டும் சந்தேகப்பட்டுப் பயனில்லை.

பழைய_செர்வர்:
வால்யூம்தான் நண்பரே, அதாவது கண்டெய்னருக்கு வெளியே டேட்டாவைச் சேமிக்கும் இடம். இந்த மாதிரி இமேஜ்களில் டொமைன், பாஸ்வேர்ட் வேரியபிள்களை டேட்டா டைரக்டரி காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் படிக்கும். கண்டெய்னர் போனாலும் வால்யூம் அப்படியே கிடக்கும், புது கண்டெய்னர் பழைய டேட்டாவைப் பார்த்ததும் உங்கள் புது மதிப்புகளைக் கண்டுகொள்ளாது. பழைய டிஎன், பழைய பாஸ்வேர்ட் போட்டு பைண்ட் ஆகிறதா பாருங்கள், ஆகிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இதற்கு கம்போஸில் "டவுன் ஹைஃபன் வி" கொடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது அந்த கம்போஸ் ஃபைலில் உள்ள எல்லா வால்யூமையும் துடைத்துவிடும், உங்கள் டேட்டாபேஸும் அதே ஃபைலில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். எல்டாப் வால்யூமை மட்டும் பெயர் சொல்லி அழியுங்கள்.

நிரல்பித்தன்:
பழைய டிஎன் போட்டதும் உள்ளே விட்டது! அந்த வால்யூமை மட்டும் அழித்தேன், இப்போது ஆப் உள்ளேயும் வெளியேயும் பைண்ட் ஆகிறது, இருவருக்கும் நன்றி. ஆனால் அட்மின் குரூப்பில் சேர்த்த யூசருக்கு மெம்பர்ஆஃப் (யூசர் எந்தக் குரூப்களில் இருக்கிறார் என்று காட்டும் அட்ரிபியூட்) காலியாக வருகிறது. குரூப் வகை போசிக்ஸ்குரூப்.

பழைய_செர்வர்:
போசிக்ஸ்குரூப்பில் இருப்பது வெறும் யூசர் பெயர், டிஎன் இல்லை, அதிலிருந்து மெம்பர்ஆஃப் வராது. குரூப்ஆஃப்நேம்ஸ் வகைக்கு மாற்றுங்கள், அதில் குறைந்தது ஒரு மெம்பராவது இருக்கணும், காலி குரூப்பை ஏற்றுக்கொள்ளாது. மெம்பர்ஆஃப் ஓவர்லே (அந்த அட்ரிபியூட்டை நிரப்பும் சர்வர் துணைப்பகுதி) ஆன் ஆகியிருக்க வேண்டும், அதுவும் குரூப்பை உருவாக்குவதற்கு முன்னாலேயே. பிறகு ஆன் செய்தால் ஏற்கெனவே இருக்கும் மெம்பர்களை அது திரும்பிப் பார்க்காது, எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கணும். தேடும்போதும் அந்த அட்ரிபியூட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சும்மா தேடினால் காட்டாது.

நிரல்பித்தன்:
ஓவர்லே இருக்கிறது, வகைதான் தப்பு. மாற்றியதும் வந்துவிட்டது. ப்ரொடக்‌ஷனில் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி, இதே கோட் அங்கே ஓடுமா?

கட்டளைவரி:
பாதி ஓடும். அங்கே லாகின் பெயர் யுஐடி அட்ரிபியூட்டில் இருக்காது, எஸ்ஏஎம்அக்கவுண்ட்நேமில் இருக்கும், அதனால் தேடல் ஃபில்டரை கோடில் எழுதாமல் கான்ஃபிகில் வையுங்கள். இதைவிட முக்கியம் காலி பாஸ்வேர்ட். டிஎன் கொடுத்து பாஸ்வேர்டை வெறுமையாக விட்டால் உங்கள் ஓப்பன்எல்டாப் வழக்கமாக எரர் 53 சொல்லி மறுத்துவிடும். ஆக்டிவ் டைரக்டரி அதை அனானிமஸ் பைண்ட்டாக (பெயரில்லாத லாகின்) எடுத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லக்கூடும், உங்கள் ஆப்பும் லாகின் ஆகிவிட்டது என்று நம்பி உள்ளே விட்டுவிடும். லேப்டாப்பில் எத்தனை டெஸ்ட் ஓட்டினாலும் இது பிடிபடாது. பைண்ட்டுக்கு முன்பே பாஸ்வேர்ட் காலியா என்று ஆப்பிலேயே பார்த்துத் திருப்பி அனுப்புங்கள்.