மறுமொழி: ‘சென்டர் டேப்’ – நடுமுனையா, நடுக்கவையா?

குழுவினர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய வகுப்புக் கையேட்டின் நான்காம் பக்கம் ‘சென்டர் டேப்’ (center tap) என்பதற்கான ஒரு தமிழ்ச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. தாமே ஆம்ப்ளிஃபயர் செய்யப் போகும் மாணவர்கள் மின்மாற்றி வாங்க, சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குச் செல்வார்கள். கடைக்காரர் ‘பன்னிரண்டு ஜீரோ பன்னிரண்டா, எத்தனை ஆம்ப்ஸ்?’ என்று கேட்பார். நடுக்கம்பியிலிருந்து ஒவ்வோர் ஓரக் கம்பிக்கும் 12 வோல்ட் மாறுமின்னழுத்தம் என்பது அதன் பொருள். அந்த ஜீரோவாகிய நடுக்கம்பிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘நடுமுனை’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். என் தயக்கம் தனித்தமிழ் பற்றியதன்று. முனை என்பது ஒன்று முடியும் இடம். மின்மாற்றியில் மின்சாரம் வெளிவரும் துணைச்சுருளோ அங்கே முடிவதில்லை, பாதி வழியில் அதிலிருந்து ஒரு கம்பி வெளியே எடுக்கப்படுகிறது. சென்ற முறை ஒரு மாணவர் நடுக்கம்பியை வேறொரு சுருளின் முனை என்று எண்ணி விட்டுவிட்டு, இரு ஓரங்களை மட்டும், மாறுமின்னோட்டத்தை நேர்திசைக்கு மாற்றும் திருத்தியில் இணைத்தார். திருத்தியபின் மாறுமின்னழுத்தத்தின் உச்ச அளவே தேங்குவதால், அவருக்கு 32 வோல்ட் அளவில் நேர்திசை மின்னழுத்தம் கிடைத்தது. ஆனால் சுற்றுக்கு வேண்டிய பூச்சியம் கிடைக்கவில்லை. நடுக்கம்பியைப் பூச்சியமாகக் கொண்டிருந்தால் நேரும் எதிருமாக இருபுறமும் ஏறத்தாழ 16 வோல்ட் வந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைப் பெருக்கும் டிடிஏ2030 சில்லு தாங்கும் எல்லை இருபுறமும் 18 வோல்ட் என்பதால் அது பொருந்தியிருக்கும். 15-0-15 வாங்கியிருந்தால் 20 வோல்ட்டைக் கடந்து சில்லே போயிருக்கும்.

‘நடுமடை’ என்ற பரிந்துரை எனக்கும் பிடித்திருந்தது. மடைமாற்று என்ற வழக்கும் துணை நிற்கிறது. ஆனால் மடையை அடைக்கலாம், திறக்கலாம்; இந்தக் கம்பிக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

ஆகவேதான் ‘நடுக்கவை’ என்கிறேன். கவை என்பது கிளை பிரியும் இடம். கவடு, கவட்டை என்பன அதன் உறவுச் சொற்கள். குறுந்தொகையின் 324ஆம் பாடல் இரட்டைப் பிள்ளைகளைக் ‘கவைமக’ என்கிறது. நடுக்கம்பியின் இருபுறமும் சம எண்ணிக்கையில் சுற்றப்பட்டு, அதை வைத்து அளந்தால் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும் இரு பாதிகளும் ஒரு சுருளில் பிறந்த இரட்டையர்தாமே! நடு என்பதன்பின் ககரம் மிகும் என்பதில் ஐயமில்லை.

‘கவை என்றால் எந்த மாணவருக்குப் புரியும்?’ என்ற கேள்வி நியாயமானது. மின்தேக்கி என்ற சொல்லும் ஒருநாள் புதிதாகத்தான் இருந்தது. கடையில் கேட்பதற்குச் ‘சென்டர் டேப்’ என்பதையும் அருகில் அச்சிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இதுவரை எழுவர் நடுமுனைக்கும், என்னோடு இருவர் நடுக்கவைக்கும் இசைந்திருக்கிறோம். பெரும்பான்மைப்படி ‘நடுமுனை’ என்றே இடுகிறேன். ஆயினும் படத்தின் கீழ் ‘இங்கே சுருள் முடிவதில்லை’ என்று ஒரு வரி சேர்க்க இசைவு வேண்டுகிறேன். மறுப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.